ஊதத்தானே செய்றோம்

காலை ஷிப்டுக்கு டிரைவர் வரவில்லை என்றால் முதல் திட்டு எனக்குத்தான். பயணிகள் கண்டக்டரைத் திட்டுவார்கள், கண்டக்டர் வராத டிரைவரைத் திட்டுவான், அவன் வீட்டில் குப்புறப் படுத்திருப்பான். அதனால் அத்தனை திட்டும் சுற்றி வளைத்து, டிப்போவின் மூலையில் ஜன்னல் கதவு சாத்தாத என் அறைக்கு வந்து சேரும். யாருக்கு எந்த வண்டி, எந்த வழித்தடம், எந்த ஷிப்ட் என்று பிரித்துப் போடுவது என் வேலை. டிரைவர்கள் எனக்கு 'வெடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் முன்னால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று பெயரிலேயே இருக்கிறது.

ஆனால் அந்தச் சமயத்தில் நான் வெடித்ததில் நியாயம் இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் யாராவது ஒரு டிரைவர் தாடையைக் கையில் ஏந்திக்கொண்டு என் ஜன்னலில் வந்து நின்றான். ஒரு கன்னத்துக்குள் எலுமிச்சம்பழத்தை அடக்கிக்கொண்ட மாதிரி முகம். வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சல். பொன்னுக்கு வீங்கி. சின்னப் பிள்ளைகளுக்கு வருவது என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த வியாதி, மீசை வைத்த ஆண்களை வரிசையாகப் படுக்க வைத்துக்கொண்டிருந்தது. கண்டக்டர்களுக்குக் கொண்டாட்டம். இன்றைக்கு எந்தக் கன்னம், இடதா வலதா என்று காலையிலேயே பந்தயம் கட்டினார்கள். புதிதாகக் கல்யாணமான டிரைவர் ஒருவன், இது கன்னத்தோடு நிற்காது, கீழேயும் இறங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, என் அறையில் உட்கார்ந்து கண்ணீர் விட்டான். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஓட்ட ஆளில்லாமல் வண்டிகள் வரிசையாக நின்றன.

எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அதே டிப்போவில் டிரைவர். வண்டி ஓட்டினால் உள்ளே நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்கத் தேவையில்லை என்று அவனுக்குக் 'கப்பல்' என்று பெயர். நல்ல கைக்காரன். ஆனால் பல வருஷமாகச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓடுகிற சனியன் பிடித்த வழித்தடத்தில்தான் அவன் காலம் கழிந்தது. அவனுடைய மனைவிக்கு வேலை வேறு ஊரில், ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் போனில்தான் குடும்பம் நடத்தினார்கள். இப்போதுதான் எங்கள் டிப்போவுக்குப் புதிய தொலைதூர வண்டிகள் வந்திருந்தன, அதில் ஒன்று அந்த ஊருக்குப் போய்த் தங்கித் திரும்புகிற வண்டி. தேர்வில் மச்சான் பெயர் முதலில் இருந்தது. மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. கண், காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். குறித்த நாளில் போய் நிற்கவில்லை, அல்லது ஏதாவது ஒன்றில் தேறவில்லை என்றால், அடுத்த பெயருக்குப் போய்விடும். அப்புறம் எத்தனை வருஷம் காத்திருந்தாலும் கிடைக்காது.

அதனால் மெடிக்கல் முடிகிறவரை இவனுக்குக் கன்னம் வீங்கக்கூடாது. மாமனார், மச்சான், நாங்கள் எல்லாரும் ஒரே வீடு, அங்கே அப்போது வேறு பேச்சே கிடையாது. என் மனைவி தம்பிக்குத் தனித் தண்ணீர் பாட்டில், தனித் துண்டு, முகத்தை மூடத் துணி, எல்லாம் கொடுத்து அனுப்பினாள். யார் பக்கத்திலும் உட்காராதே, யார் கையிலிருந்தும் எதுவும் வாங்கித் தின்னாதே, போனைக்கூடக் கடன் கொடுக்காதே என்று பாடம் எடுத்தாள். சின்ன வயதில் போட வேண்டிய ஊசியை ஏன் போடவில்லை என்று தன் அப்பாவைப் பிடித்து உலுக்கினாள். அப்போது யாருக்குத் தெரியும் என்று அவர் சொன்னார். மச்சான் பாவம், சொன்னதையெல்லாம் கேட்டான். ஓய்வறைக்குள் போகாமல் தன் வண்டியிலேயே உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டான்.

டிப்போ மேனேஜர் வியாதியைத் தன் பாணியில் விரட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அறிவிப்பு. முதல் அறிவிப்பு டீக்கார அக்காவின் கண்ணாடி கிளாஸ்கள்மேல் பாய்ந்தது. எச்சில் கிளாஸ்தான் காரணம் என்று முடிவுகட்டி, இனிமேல் பேப்பர் கப்தான் என்று உத்தரவு போட்டார். அந்த அக்கா கப் வாங்கிக் கட்டுப்படியாகாமல் டீயின் அளவைக் குறைக்க, டிரைவர்களும் கண்டக்டர்களும் வந்து என்னிடம் சண்டை போட்டார்கள். நான் என்னவோ பால் கறக்கிறவன் மாதிரி. கன்னங்கள் வீங்குவது நிற்கவில்லை. அடுத்து ஓய்வறைத் தலையணைகளை எரித்தார்கள். டிரைவர்கள் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார்கள், கன்னங்கள் வீங்கின. அடுத்து பினாயில். டிப்போ முழுக்க ஆஸ்பத்திரி வாடை அடித்தது, அப்போதும் வீங்கின.

பிறகு மேனேஜர் ஒரு ஆளைப் பிடித்தார். 'தாடி' என்று ஒரு டிரைவர். நெஞ்சுவரை தொங்கும் தாடி. அவன் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில்தான் இந்த வியாதி முதலில் வந்ததாம், வீட்டில் மகளுக்கு வந்து, பிறகு இவனுக்கு வந்திருக்கிறது. தாடி மறைத்ததால் வீக்கம் யாருக்கும் தெரியவில்லை, பல் வலி என்று நினைத்துக்கொண்டு இவனும் தினம் டூட்டிக்கு வந்துவிட்டான். இது தெரிந்ததும் எல்லாரும் அவனைக் கடித்துக் குதறினார்கள். நானும்தான். உன் தாடியைச் சிரை என்று கத்தினேன். சிரைத்துவிட்டு வந்தான். அதற்குள் அவனுக்கு வியாதி குணமாகியே போயிருந்தது. மழித்த முகத்தோடு அவன் என் ஜன்னலில் நின்றபோது எனக்கு அவனை அடையாளமே தெரியவில்லை, புது ஆள் என்று நினைத்து யார் வேண்டும் என்று கேட்டேன். அவன் அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

ஒருவழியாகச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு டாக்டர் அம்மா வந்தார். வாட்டர் பாட்டிலும் குடையுமாகத் தனியாக வந்து என் அறையில் உட்கார்ந்து, படுத்தவர்கள் யார் யார், எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் எரிந்து விழுந்தேன். இதையெல்லாம் மேனேஜரிடம் சொல்லியாகிவிட்டது, இனி கன்னத்தைப் பார்த்து வீக்கம் இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம், போதாதா என்றேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். கன்னம் வீங்குவதற்கு முன்னாலேயே எச்சிலில் கிருமி வந்துவிடுமாம். ஆள் நன்றாகத்தான் இருப்பான், சிரித்துப் பேசுவான், வண்டி ஓட்டுவான், அப்போதே அடுத்தவனுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பான். வாங்கியவனுக்கும் உடனே தெரியாது, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் கன்னம் வீங்கும். ஆகவே கன்னத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்பது, திருடன் போனபிறகு கதவைப் பூட்டுவது.

எனக்கு மண்டை காய்ந்தது. பார்த்தும் தெரியாது, கேட்டும் தெரியாது, வந்தது வந்தபிறகுதான் தெரியும் என்றால் ஒரு மனிதன் என்னதான் செய்வது?

அவர் கண்டக்டர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்டார். ஒருவனுக்கும் இல்லை என்றேன். மெக்கானிக்குகள்? இல்லை. கண்டக்டர்களும் இதே அக்காவிடம்தான் டீ குடிக்கிறார்களா, இதே ஓய்வறையில்தான் படுக்கிறார்களா என்றார். ஆமாம், டிரைவர்களைவிட அதிகமாகவே படுக்கிறார்கள் என்றேன். அப்புறம் அந்த அம்மா ஒன்று கேட்டார்.

"டிரைவருங்க மட்டும் வாயில வைக்கிறது என்ன இருக்கு இங்க? கண்டக்டருங்க வைக்காதது?"

வாயில் வைக்கிறது என்ன, ஸ்டியரிங்கையா கடிக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் அப்படியே தொண்டையில் நின்றது. அந்த அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு நான் வாசல் கேட்டுக்கு ஓடினேன்.

எங்கள் கேட்டில் ஒரு மிஷின் இருக்கிறது. எங்கேயோ ஒரு டிரைவர் குடித்துவிட்டு வண்டியைக் கடைக்குள் விட்டான் என்று, எல்லா டிப்போவுக்கும் மேலிடம் வாங்கிக் கொடுத்தது. டூட்டி எடுக்குமுன் ஒவ்வொரு டிரைவரும் அதில் ஊத வேண்டும். குடித்திருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. பச்சை வந்தால் காவலாளி சீட்டில் முத்திரை குத்துவான், அந்தச் சீட்டு என்னிடம் வரும், நான் வண்டி கொடுப்பேன். நான் பார்த்ததெல்லாம் முத்திரையைத்தான். எப்படி ஊதுகிறார்கள் என்று நின்று பார்த்ததில்லை. என் வேலை ஜன்னலுக்கு இந்தப் பக்கம்.

அப்போது மதிய ஷிப்ட் நேரம். காவலாளிக்கு 'விசில்' என்று பெயர், வாயில் எப்போதும் விசில் இருக்கும். அவன் மிஷினை நீட்டினான். அதன் தலையில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். ஒரு டிரைவர் உதட்டை வைத்து, கன்னம் உப்ப ஊதினான். பச்சை. விசில் தன் தோளில் கிடந்த துண்டில் குழாயை ஒரு துடை துடைத்து அடுத்தவன் வாயில் வைத்தான். அதே துண்டில்தான் முகத்தையும் துடைத்துக்கொண்டான். அடுத்தவன் ஊதினான். பச்சை. அதற்கடுத்தவன்.

நான் போட்ட சத்தத்தில் விசில் வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது. ஆளுக்கொரு குழாய் மாற்ற வேண்டியதுதானே, மிஷின் வந்தபோது அப்படித்தானே சொன்னார்கள் என்றேன். அவன் முதலில் விழித்தான், பிறகு அவனுக்கும் கோபம் வந்தது. குழாய் கொடுத்தால்தானே சார் மாற்றுவது, ஸ்டோருக்கு நடந்து நடந்து என் கால்தான் தேய்ந்தது, எப்போது கேட்டாலும் இப்போதைக்கு இல்லை, இருப்பதை வைத்து ஓட்டு என்கிறார் உங்கள் மாமா என்றான்.

உங்கள் மாமா. ஆமாம், எங்கள் டிப்போவின் ஸ்டோர் கீப்பர் என் மாமனார். மச்சானின் அப்பா.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு டிப்போவில் 'பூட்டு' என்று பெயர். பழைய பல்பைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதிய பல்பு. துடைப்பம் கேட்டால், தேய்ந்த துடைப்பத்தின் கட்டையைக் கொண்டுவர வேண்டும். ஒரு பைசா பொருள் வீணாகப் போனதில்லை என்று மேலிடத்தில் அவருக்குப் பாராட்டு உண்டு, அந்தச் சான்றிதழை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். கெட்டவர் இல்லை. திருடியதில்லை, திருட விட்டதுமில்லை. ஆனால் ஸ்டோரிலிருந்து ஒரு சாமான் வெளியே போனால் தன் உடம்பிலிருந்து சதையை அறுத்துக் கொடுப்பது போல ஒரு முகம் வரும் அவருக்கு.

நான் போனபோது மேனேஜரும் டாக்டர் அம்மாவும் விசிலும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். குழாய் இருக்கிறதா இல்லையா என்று கேட்டேன். அலுவலகத்தில் நான் அவரை மாமா என்று கூப்பிடுவதில்லை, சார் என்பேன். அன்றைக்கு எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. அவர் சாவிக்கொத்தில் சாவியைத் தேடி, உள் அறையைத் திறந்து, மேல் தட்டைக் காட்டினார். பெட்டி பெட்டியாக இருந்தது. மிஷினோடு வந்தது வந்தபடி, ஒட்டிய டேப்கூடப் பிரியாமல். ஒவ்வொரு குழாயும் தனித்தனி உறையில்.

"இது இன்ஸ்பெக்ஷனுக்கு," என்றார். "திடீர்னு வந்து நிப்பாங்க. அப்போ ஸ்டாக் இல்லன்னா நம்ம டிப்போவுக்குத்தானே கெட்ட பேரு?"

எனக்கு வாயில் நன்றாக வந்தது. மாமனார் என்று பாதியை விழுங்கினேன். ஒரே குழாயில் இத்தனை பேர் வாய் வைத்து ஊதினால் வியாதி பரவாதா என்று கேட்டேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"ஊதத்தானே செய்றோம் மாப்பிள்ள? உறிஞ்சவா செய்றோம்? காத்து வெளிய போகுது. வெளிய போற காத்துல எப்படி உள்ள வரும்?"

வேடிக்கை என்னவென்றால் மேனேஜரும் அதற்குத் தலையாட்டினார். விசிலும் அதைத்தான் நம்பியிருந்தான். ஊதிய டிரைவர்கள்கூட அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஒருவனும் வாயைத் திறந்து கேட்கவில்லை. டீ கிளாஸைப் பார்த்துப் பயந்த அத்தனை பேரும் இந்தக் குழாயை உதட்டுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். டாக்டர் அம்மாதான் ஸ்டோர் வாசலில் நின்று, காற்று எந்தப் பக்கம் போனால் என்ன, எச்சில் குழாயில்தான் இருக்கிறது, உதடு அங்கேதான் படுகிறது என்று விளக்கினார். தாடி காலையில் முதல் ஆளாக வந்து ஊதுகிறவன் என்று விசில் சொன்னான். அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள்தான் முதலில் விழுந்தவர்கள். மதிய ஷிப்டில் ஆட்கள் குறைவு, விட்டு விட்டு வருவார்கள், அவர்களில் அதிகம் பேர் விழவில்லை. அந்த அம்மாவின் முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

பெட்டியைக் கொடுங்கள் என்றேன். மாமா மேனேஜரைப் பார்த்து, எழுத்தில் கொடுத்தால் நல்லது என்றார். அந்த நிமிஷத்தில்கூட! மேனேஜர் எழுதினார். அன்றைக்கே அறிவிப்புப் பலகையில், பணியாளர் நலன் கருதிப் புதிய ஊதுகுழாய்கள் வரவழைக்கப்பட்டுள்ளன என்று ஒட்டிவிட்டார். டிப்போ பெயர் கெடக்கூடாது பாருங்கள். பெட்டிகள் மேல் தட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்த கதை அங்கே நின்ற எங்கள் ஐந்து பேரோடு நின்றது. டிரைவர்களெல்லாம் கம்பெனி கஞ்சத்தனம் பண்ணிக் குழாய் வாங்காமல் இருந்துவிட்டது என்று நினைத்துக் கம்பெனியைத் திட்டினார்கள். மச்சானும் அப்படித்தான் திட்டினான்.

மச்சான் காலை ஷிப்ட். தினமும் அந்த வரிசையில் நின்று ஊதியவன்.

தனித் துண்டு, தனிப் பாட்டில், தனிச் சாப்பாடு, எல்லாம் வைத்துக்கொண்டு, தினம் காலையில் முகத்துணியை இறக்கிவிட்டு இன்னொருத்தன் எச்சிலில் உதட்டை வைத்திருக்கிறான். என் மனைவியிடம் சொன்னபோது அவள் சமையல் மேடையில் சாய்ந்து நின்றுவிட்டாள். இனி ஊதினால் புதுக் குழாய்தான், இனி ஒன்றும் வராது என்று நான் சொன்னேன். ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் என்று கேட்டாள். டாக்டர் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். காத்திருந்து பாருங்கள் என்றுதான் அவர் சொன்னார். பிறகு என் மனைவி, பெட்டி விஷயத்தைத் தம்பியிடம் சொல்லாதீர்கள் என்றாள். அப்பாவிடமும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள், அவர் தாங்க மாட்டார் என்றாள். வெடி என்று பெயரெடுத்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

காத்திருப்பது போன்ற எரிச்சல் வேறு இல்லை. மச்சான் தும்மினால் என் மனைவி பதறுவாள். அவன் கொட்டாவி விட்டால் வாயைத் திறக்கும்போது வலிக்கிறதா என்பாள். மாமா ஒன்றும் கேட்கமாட்டார், ஆனால் மகன் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அவன் மெல்வதையே பார்த்துக்கொண்டிருப்பார். இதற்குள் டிப்போவில் புதிதாக விழுகிறவர்கள் குறைந்தார்கள். மேனேஜர் தன் பினாயில்தான் வேலை செய்தது என்று மேலிடத்துக்கு எழுதினார்.

மெடிக்கலுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. ஒரு காலையில் மச்சான் என் ஜன்னலுக்கு வந்தான். சீட்டை நீட்டவில்லை. முகத்துணியை மட்டும் கீழே இறக்கிக் காட்டினான்.

இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது.

நான் அவனிடம் ஒன்றும் கத்தவில்லை. யாரிடம் கத்துவது? அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் வழித்தடத்துக்கு ஆள் தேடினேன். மெடிக்கலைத் தள்ளி வைக்கச் சொல்லி மேலிடத்துக்கு மேனேஜரை விட்டு எழுத வைத்தேன். எழுத மாட்டேன் என்று அவர் இழுத்தபோது, பெட்டிக் கதையைப் பலகையில் நானே ஒட்டட்டுமா என்று கேட்டேன். எழுதினார். தொற்று வியாதி என்பதால் சில நாள் தள்ளிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. வீக்கம் வடிந்தது. காய்ச்சல் விட்டது. மச்சான் போனில் அவன் மனைவியிடம் சிரித்துப் பேசுவது கேட்டது. அந்த ஊரில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து அவள் வீட்டுக்கு நடந்தே போகலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஒரு காலையில் எழுந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலை சுற்றுகிறது என்றான். இடது காதுக்குள் ஏதோ இரைகிறது என்றான். சாயங்காலத்துக்குள் இரைச்சலைத் தவிர அந்தக் காதில் வேறெதுவும் கேட்கவில்லை. போனை இடது கையில் எடுத்துக் காதில் வைத்தவன், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டான்.

காது டாக்டர் ஊசி, மாத்திரை எல்லாம் கொடுத்தார். இந்த வியாதி சிலருக்கு, அபூர்வமாக, காது நரம்பைத் தாக்கும் என்றார். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது. இவனுக்கு வரவில்லை. தள்ளிக் கொடுத்த மெடிக்கல் நாளும் வந்தது. போனான். கண் நன்றாக இருக்கிறது, இரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது. காதுக்கு ஒரு அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்களாம். இடது பக்கத்துக்கு அவன் கையைத் தூக்கவே இல்லை. சத்தம் போட ஆரம்பித்தார்களா என்று கேட்டானாம். தொலைதூர வண்டி அடுத்த பெயருக்குப் போனது. அதோடு விட்டார்களா? பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி முடிவு வாங்கி வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த முடிவை வாங்கத்தான் பெரிய ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மூன்று நாற்காலிகள் ஒரே இரும்புச் சட்டத்தில் பிணைத்திருந்தன. நடுவில் மச்சான், அவனுக்கு வலப்பக்கம் நான், இடப்பக்கம் மாமா. என் மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். மச்சான் எதிரே டோக்கன் எண் மாறுகிற பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனிக்காரன் நாலு குழாய் வாங்கிக் கொடுத்திருந்தால் இந்த நிலைமை வருமா அத்தான் என்று என்னிடம் கேட்டான். நான் என் செருப்பைப் பார்த்தேன். விசில்மீது அவனுக்குக் கோபம் இல்லையாம், அவன் பாவம் என்ன செய்வான் என்றான். கோபப்பட ஆள் கிடைக்காமல் அவன் தவிப்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு அந்தத் தவிப்பு இல்லை, எனக்கு ஆள் தெரியும். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

மாமா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகப் பேசினார்.

"அந்தக் குழாய் ஸ்டோர்லதான்பா இருந்துச்சு. கம்பெனி வாங்கிக் குடுத்துருச்சு. நான்தான் எடுத்துக் குடுக்கல."

மச்சான் திரும்பவில்லை. பலகையில் எண் மாறியது, அதைப் பார்த்துத் தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டான். மாமா காத்திருந்தார். மகன் ஒன்றும் சொல்லவில்லை, திட்டவில்லை, எழுந்து போகவில்லை. அவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. அவன் மன்னித்துவிட்டான் என்று நினைத்துவிட்டார். மகன் முழங்காலில் கையை வைத்து ஒரு தட்டுத் தட்டினார்.

தொட்டதும் மச்சான் முழு முகத்தையும் திருப்பினான். "என்னப்பா? ஏதாவது சொன்னீங்களா?"

மாமா அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணுமில்லப்பா. நம்ம டோக்கன் வந்துருச்சான்னு கேட்டேன்."

இத்தனை நாள் என் மனைவிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இதற்குமேல் என்னால் ஆகவில்லை. அந்த மனிதர் வாழ்க்கையில் ஒருமுறை கையைத் திறந்து ஒன்றைக் கொடுத்தார், கொடுத்ததையும் திரும்ப வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுகிறார். நான் எழுந்து நின்றேன். கத்தப் போகிறேன் என்றுதான் நானும் நினைத்தேன். குரல் கத்தலாக வரவில்லை.

"இந்தப் பக்கம் வந்து உக்காந்து சொல்லுங்க மாமா. அந்தக் காதுல அவனுக்குக் கேக்காது."

மச்சான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மாமா எழுந்திருக்க நேரமெடுத்தார். ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக, அது கடக்கும்வரை நின்றார். பிறகு மகனின் முழங்கால்களுக்கு முன்னால் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, நான் விட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார், எதிர் வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மச்சான் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எதுக்குப்பா எடுத்து வச்சீங்க?"

நானும் காத்திருந்தேன். வேறு ஏதாவது ஒரு காரணம், என்னிடமும் மேனேஜரிடமும் சொல்லாத ஏதாவது ஒன்று, மகனுக்காகவாவது அவரிடம் இருக்கும் என்று நினைத்தேன்.

"இன்ஸ்பெக்ஷனுக்குப்பா," என்றார்.